எண்ணெய்ச் சாயமா, தண்ணீர்ச் சாயமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய தளவாடக் கடையில் ஒரே ஜோடியாக இரண்டு நாற்காலிகள் கிடைத்தன. இரண்டும் ரப்பர் மரம். பால் குறைந்து, 25, 30 வருடத்தில் வெட்டிச் சாய்க்கும் மரம்தான் இப்படி நாற்காலியாக வருகிறது என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. ஒன்றுக்கு எண்ணெய்ச் சாயம் (பெயின்ட்), மற்றதற்குத் தண்ணீர்ச் சாயம் அடித்துப் பார்த்துவிடலாம் என்று ஆசை.

ஆனால் கால் ஆடினால் எந்தச் சாயமும் உதவாது. ஆணி அடிக்கவும் கூடாது, ரப்பர் மரம் பிளந்துகொள்ளும். காலின் மூட்டுகளைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்டினேன். அது இருந்தால் புதுப் பசை மரத்துக்குள் இறங்காது. மரப்பசை தடவிப் பொருத்தி, நான்கு காலையும் சேர்த்துக் கயிறு சுற்றி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ராத்திரி முழுக்க விட்டேன். அசைவே இல்லை.

சரி, சாயத்துக்கு வருவோம். தண்ணீர்ச் சாயம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயார். நாற்றம் குறைவு, பிரஷ்ஷைக் குழாயடியில் கழுவினால் போதும். மத்தியானம் ஆனால் கறுத்துக்கொண்டு மழை வரும் ஊருக்கு இது பெரிய வசதி. எண்ணெய்ச் சாயம் பூச்சுக்கு ஒரு நாள் கேட்கும், ஈரக்காற்றில் அதற்கும் மேல். பிரஷ் கழுவத் தின்னர் வேறு. இரண்டாம் நாள் பெரியம்மா, "காஞ்சிருச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே கையை ஊன்றிவிட்டார். ஐந்து விரலும் இன்னும் அதில் இருக்கின்றன.

இறுகிய பிறகு கணக்கு மாறுகிறது. எண்ணெய்ச் சாயம் கல் மாதிரி. தண்ணீர்ச் சாயம் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், முழுசாக இறுகச் சில வாரம் ஆகும். அதற்குள் புழுக்கத்தில் உட்கார்ந்தால் தொடையில் ஒட்டும். அலமாரிக் கதவுக்கு அடித்து உடனே சாத்தினால் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது பிய்ந்து வரும். அதே அலமாரியின் உள்பக்கத்துக்கு எண்ணெய் வெள்ளை அடித்தால் இருட்டிலேயே கிடந்து மஞ்சளாகும். தண்ணீர் வெள்ளை அப்படி ஆகாது.

தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வந்த ரொம்பப் பழைய சாமான் என்றால் பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். வறட்டுத் தேய்ப்பு வேண்டாம், நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டு ஊதியிருந்தால், கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என்னைக் கேட்டால், உட்காரும் நாற்காலிக்கும் மேசைமேல் பலகைக்கும் எண்ணெய், அலமாரி உள்ளுக்குத் தண்ணீர். மெர்பாவ் என்ற கெட்டி மரம் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். அதன்மேல் நேராகத் தண்ணீர்ச் சாயம் அடித்தால் மரத்தின் செங்காவிக் கறை மேலே ஊறி வரும். முதலில் அரக்குப் (ஷெல்லாக்) பூச்சு ஒன்று கொடுத்து அடைத்துவிட வேண்டும். என் மெர்பாவ் மேசை அதற்காகத்தான் வாசலோரத்து அஞ்சடி நடையில் காத்துக் கிடக்கிறது, மழை விடட்டும்.