47 ரோனின்: டோக்கியோவா, அகோவா?

1701-இல் எடோ (இன்றைய டோக்கியோ) கோட்டைக்குள் அரசு அதிகாரி கிராவை வாளால் வெட்டினார் அகோ ஊரின் பிரபு அசானோ. கிரா பிழைத்தார். அசானோவுக்கு அன்றே வயிற்றைக் கிழித்துச் சாகும் தண்டனை. கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, அசானோவின் 47 ரோனின்கள், அதாவது தலைவரை இழந்த வீரர்கள், கிராவின் வீடு புகுந்து தலையை எடுத்தார்கள். ஜப்பான் போகிறவர்கள் இந்தக் கதைக்காக எங்கே போவது என்று குழம்புகிறார்கள்.

பயணம்: செங்காகுஜி கோயில் டோக்கியோவுக்குள்ளேயே, மெட்ரோவில் இறங்கி நடந்தால் போதும். அகோவுக்கு புல்லட் ரயிலில் ஹிமெஜி வந்து, அங்கிருந்து உள்ளூர் ரயில். ஒரு நாள் போய்விடும்.

செலவு: கோயில் வளாகத்துக்குக் கட்டணம் இல்லை. அகோவுக்கு ரயில் டிக்கெட்டே பர்ஸைக் காலி செய்யும்.

பார்க்க: செங்காகுஜியில் பிரபுவின் சமாதி, பக்கத்திலேயே வீரர்களின் சமாதிகள். ஊதுபத்திக் கட்டு வாங்கி ஒவ்வொரு கல்லாக வைத்துக்கொண்டே போகிறார்கள். புகையில் கண் எரியும். கிராவின் தலையைக் கழுவிய கிணறும் உண்டு.
அகோவிலும் ஒரு கிணறு. பிரபு கிராவை வெட்டிய சேதியோடு பல்லக்கில் ஓடிவந்தவர்கள் அங்கே மூச்சு வாங்கினார்களாம். அப்புறம் அவர்கள் தட்டிய, தலைமை அமைச்சர் ஓயிஷி வீட்டு வாசல் இன்னும் நிற்கிறது. கோட்டைக் கட்டடங்கள்தான் பெரும்பாலும் புதிதாகக் கட்டியவை.

அரை நாள்தான் இருக்கிறதா? செங்காகுஜி. பழிவாங்கலுக்கு முந்தைய ஊரைப் பார்க்க ஆசையா, ஹிமெஜி கோட்டையோடு சேர்த்து அகோ போங்கள். டிசம்பர் 14 என்றால் இரண்டு இடத்திலும் விழா. கூட்டம் பிடிக்காதவர்கள் தேதியை மாற்றுங்கள்.