பின்னட்டையில் உள்ள வயதா, பிள்ளையின் வாசிப்பு நிலையா?

சென்ற ஆண்டு சனவரியில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய், நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு ஏழு தமிழ் நூல்கள் வாங்கி வந்தேன். ஏழின் பின்னட்டையிலும் ‘எட்டு வயதுக்கு மேல்’ என்று அச்சிட்டிருந்தது. அவளுக்கு ஒன்பது வயது என்பதால் அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை. கோடை விடுமுறை தொடங்கும்போது ஒரு நூலை முடித்திருந்தாள். மற்ற ஆறில் எதுவும் பத்தாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதன் பிறகு வயதைப் பாராமல் வாசிப்பு நிலையை, அதாவது எவ்வளவு கடினமான தமிழை அவளால் தானே படிக்க முடியும் என்பதைப் பார்த்து நூல்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். இரண்டு வழிகளிலும் வாங்கிப் பார்த்தவள் என்ற முறையில், இன்று இரண்டாவது வழியையே பரிந்துரைக்கிறேன்.

விலையிலும் படங்களின் தரத்திலும் இரண்டு வழிகளுக்கும் வேறுபாடு இல்லை. பிள்ளையே விரும்பியதை எடுக்கட்டும் என்ற மூன்றாவது வழியும் உண்டு. கடைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நூலை அப்படி எடுக்க விடுவது நல்லதுதான்.

வயதுக் குறிப்புக்கு ஒரு பயன் இருக்கிறது. கதையின் பொருள், அதாவது சாவு, பிரிவு, பயம், வன்முறை போன்றவை எந்த அளவுக்கு வருகின்றன என்பதை அது ஓரளவு காட்டிவிடும். இரவில் நான் வாய்விட்டுப் படித்துக்காட்டும் நூல்களுக்கு இப்போதும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்பது வயதுக்கு உரிய தமிழைத் தானே படித்துவிடும் என்று அந்தக் குறிப்பு எடுத்துக்கொள்கிறது. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் ஆங்கில வழிப் பள்ளிகளுக்குப் போகும் பிள்ளைகள் தெருவில் நாள் முழுவதும் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் தமிழ் வாசிப்பதோ பாடப்புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. என் மகள் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழுக்கும் கண்ணால் படித்துப் புரிந்துகொள்ளும் தமிழுக்கும் இடையே குறைந்தது மூன்று வயது வித்தியாசம் இருந்தது.

அந்த இடைவெளியை ஒரு மாலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தவள், ‘மரத்திலிருந்து’ என்ற சொல்லை ‘மரத்தி’ என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, ‘லிருந்து’ என்று தொடங்கினாள். ‘பார்த்துக்கொண்டிருந்தது’ வந்ததும் விரல் நின்றுவிட்டது. இரண்டு முறை முயன்று அதையும் கடந்தாள். “எது பார்த்துக்கிட்டு இருந்துச்சு?” என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த அணில் இரண்டு வரிகளுக்கு முன்பே வந்து போய்விட்டது.

நிலையை முதன்மையாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. அதுவரை யார், எங்கே, எதை என்பதையெல்லாம் பிள்ளை மனத்தில் தாங்கிக்கொண்டே போக வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வினையை எட்டும்போது தொடக்கம் நழுவியிருக்கும். உகர வரிசையும் எளிதன்று. கு, சு, து மூன்றும் மூன்று விதமாக வளைகின்றன. (மூர் மார்க்கெட்டில் பழைய நூல் வாங்குகிறவர்கள் அச்சான ஆண்டையும் பார்த்துவிடுவது நல்லது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் பழைய வடிவத்தில் இருப்பதால், தடுமாறும் பிள்ளை இன்னும் தடுமாறும்.)

நிலை பிரித்த நூல்கள் இல்லாமல் இல்லை. குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் நான்கு நிலைகளில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம். அங்கே முதல் நிலை ஏறக்குறைய 250 சொற்கள் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1500 வரை என்று போகிறது. தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தன் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறது. அந்தப் பெயர்களில் வயதே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் எந்த வகுப்புப் பிள்ளையும் கூச்சப்படாமல் ‘நுழை’ நூலைக் கையில் எடுக்கலாம்.

ஆனாலும் சொற்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்களாக நிற்பது தமிழில் ஒரே சொல்லாகத் திரண்டுவிடுவதால், குறைந்த சொற்கள் உள்ள பக்கமே கடினமான பக்கமாகவும் இருக்கலாம். ஆகவே கடையிலேயே நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து மகளைப் படிக்கச் சொல்கிறேன். நான்கு இடங்களுக்கு மேல் விரல் நின்றால் அந்த நூல் எனக்கான பங்கு. அவளுக்கு நான் படித்துக்காட்டுவேன்.

இந்த வழியின் உண்மையான குறை பிள்ளையின் மானத்தைத் தொடுவது. முதல் நிலை நூலைக் கொடுத்தபோது, “இது தம்பி புக்குமா” என்று திருப்பித் தந்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்கு முன்னால் அதைப் படிக்க அவளுக்கு எப்படி மனம் வரும்? அதற்கு எனக்குக் கிடைத்த வழி கதையை விட்டு அறிவியல் நூல்களுக்கும் உயிரினங்களைப் பற்றிய நூல்களுக்கும் போனதுதான். காசிமேட்டில் கரை ஒதுங்கிய பங்குனி ஆமை ஒன்றைப் பார்த்து வந்து நாள் முழுவதும் அதைப் பற்றியே பேசியவளுக்குக் கடல் ஆமைகளைப் பற்றிய மெல்லிய நூல் ஒன்றைக் கொடுத்தேன். பக்கத்துக்கு மூன்று வரிகள். எல்லாம் குறுகிய வாக்கியங்கள். ஆனால் சொல்லும் செய்தியில் குழந்தைத்தனம் எதுவும் இல்லை. அதை நான்கு முறை படித்தாள். நான்காவது முறை விரலை வைக்காமல் படித்தாள்.

நான் சொல்வதெல்லாம் இரண்டு பிள்ளைகளை வைத்துத்தான். தமிழ் வழியில் படித்து ஏழு வயதிலேயே சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு வயதுக் குறிப்பே போதுமானதாக இருக்கலாம். எங்கள் பகுதியில் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கேட்கும் தமிழும் படிக்கும் தமிழும் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அவர்கள் வீட்டார்தான் சொல்ல வேண்டும். பத்து வயதுக்கு மேல் என்ன செய்வது என்பதை நான் இனிமேல்தான் பார்க்கப் போகிறேன்.

நந்தனத்திலிருந்து வந்த அந்த ஆறு நூல்களில் இரண்டை அவள் தானே எடுத்துப் படித்து முடித்துவிட்டாள். மூன்றாவது இப்போது அவள் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு முப்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது.