பரிசேயரா, சதுசேயரா: ஆதிச் சபையை அதிகம் எதிர்த்தது யார்?

பரிசேயர், சதுசேயர் இருவரும் இயேசுவின் காலத்து யூத மதப் பிரிவினர். இதில் பரிசேயர் என்றாலே வெளிவேடக்காரர் என்று முத்திரை குத்திவிடுகிறோம். இது பெரிய அநியாயம். முதல் கிறிஸ்தவர்களான ஆதிச் சபையின் கதையைச் சொல்லும் புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின்படி, எருசலேமில் இயேசுவின் முதன்மைச் சீடர்களான அப்போஸ்தலர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தவர்கள் பிரதான ஆசாரியரும் அவரோடிருந்த சதுசேயரும்தான். ஆலய நிர்வாகம் பெரும்பாலும் அவர்கள் கையில் இருந்தது. உயிர்த்தெழுதலே இல்லை என்பது அவர்கள் கொள்கை. அப்படியிருக்க, ஆலய முற்றத்திலேயே நின்று “இயேசு உயிர்த்தெழுந்தார்” என்று பிரசங்கித்தால் சும்மா விடுவார்களா?

பரிசேயர்கள் பொதுமக்களிடம் செல்வாக்குள்ளவர்கள். முன்னோர் மரபையும் உயிர்த்தெழுதலையும் நம்பியவர்கள். அப்போஸ்தலர்களைக் கொல்லத் துடித்த, யூதரின் உயர் நீதிமன்றமான ஆலோசனைச் சங்கத்தில், “இவர்களை விட்டுவிடுங்கள்” என்று எழுந்து சொன்னவர் பரிசேயரான கமாலியேல். பின்னாளில் அதே சங்கத்தின் முன் நின்ற அப்போஸ்தலர் பவுல், “நான் பரிசேயன்” என்று சத்தமிட்டதும் இரு தரப்பும் மோதிக்கொண்டன. சில பரிசேயர்கள் பவுலுக்காகவே வாதாடினார்கள். பவுலைக் கிழித்தெறிந்துவிடுவார்களோ என்று பயந்து, ரோமச் சேனாதிபதி போர்ச்சேவகரை அனுப்பி அவரை வெளியே கொண்டுவந்தான்.

கி.பி. 62-ல் இயேசுவின் சகோதரர் யாக்கோபைக் கல்லெறிந்து கொல்ல வைத்த பிரதான ஆசாரியர் அன்னா ஒரு சதுசேயர் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். நியாயப்பிரமாணத்தில், அதாவது மோசேயின் சட்டத்தில், கண்டிப்பானவர்கள் அதை எதிர்த்தார்கள். அன்னா பதவி இழந்தார். எதிர்த்தவர்கள் பரிசேயராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பரிசேயர் எல்லாரும் நண்பர்கள் என்று சொல்லவில்லை. சபையைத் துன்புறுத்திய சவுலும் (பின்னாளில் பவுல் ஆனவர்) பரிசேயரே. ஆனால் கி.பி. 70-ல் ஆலயம் இடிந்ததும் சதுசேயர் மறைந்தார்கள், பரிசேய மரபே ரபீக்கள் என்ற யூத மத போதகர்களின் யூத மதமாக வளர்ந்தது. சுவிசேஷங்களில் பரிசேயர்மேல் விழும் கடுமையில் சபைக்கும் அந்த மரபினருக்கும் இடையிலான பிற்காலப் பிணக்கின் சூடும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.