‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்

பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூர் சிக்னலைத் தாண்டி இருக்கும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2023இல் ஒரு வியாழக்கிழமை மதியம், 40 நிமிடங்களுக்குள், என்னிடம் ராஜினாமாவை எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

நிறுவனம் தளர்ந்துகொண்டிருந்தது அதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே தெரிந்தது. தாம்பரம் போகும் இரண்டு கம்பெனிப் பேருந்துகளை ஒன்றாக்கியதால் பாதிப் பேர் நின்றுகொண்டே வந்தோம். கார்டு தேய்க்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்து, ஒன்பது மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைந்தாலும் விளக்கம் கேட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்காவது மிகக் குறைந்த ரேட்டிங் கொடுத்தாக வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, என் குழுத் தலைவர், “யாரையாவது போட்டே ஆகணும்மா, இந்த ஒரு தடவை பொறுத்துக்கோ” என்றார். அவர் நல்ல மனிதர். அடுத்த ஆண்டு சரிசெய்துவிடலாம் என்று உண்மையாகவே நம்பினார். அந்த ரேட்டிங்தான் பிறகு எனக்கு எதிராக நீட்டப்பட்டது. போகிறவர்களுக்குக் கேக் வெட்டி வழியனுப்பும் வழக்கமும் நின்றுபோயிருந்தது. காலையில் பக்கத்தில் இருந்தவரின் மேசை மாலையில் துடைத்துக் கிடக்கும், நாங்கள் அவர் பெயரைச் சொல்லிக்கூடக் கேட்க மாட்டோம்.

அன்று மனிதவளப் பிரிவின் அறைக்குள் நுழைந்ததும் கைப்பேசியை அணைத்து மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். ராஜினாமா செய்தால் இரண்டு மாதச் சம்பளமும் பணிக்கொடையும், முறைப்படி விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டரும் கிடைக்கும், மறுத்தால் ‘பணிநீக்கம்’ என்று பதிவாகி வேறெங்கும் வேலை கிடைக்காது என்றார்கள். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன் என்றதற்கு, “மேடம், இந்த ரூமை விட்டுப் போறதுக்குள்ள முடிவு சொல்லிடுங்க” என்றார் அங்கிருந்த மனிதவளப் பெண் அதிகாரி. என்னைவிடப் பத்து வயதாவது சிறியவர். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற வாசகத்தை அவர் சொல்லச் சொல்ல, என் மடிக்கணினியிலேயே தட்டச்சு செய்து அனுப்பினேன். வாசலில் கார்டை வாங்கிக்கொண்ட காவலர், ஆறு ஆண்டுகளாகத் தினமும் வணக்கம் சொன்னவர், என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த ஒற்றை வரியில் நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, ஆட்குறைப்பு செய்யும் நிறுவனம் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான ஊதியமோ தருவதோடு, பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகக் கொடுக்க வேண்டும். எனக்கு அது 165 நாள் ஊதியம். தானாக விலகியவருக்கு அது கிடையாது. அவர்கள் பெரிய சலுகைபோலச் சொன்ன பணிக்கொடையோ, ஐந்தாண்டு முடித்த எவருக்கும் அப்போதிருந்த 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்படியும் சேர வேண்டியதாக இருந்தது.

ஐ.டி. துறைக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து விலக்கு எதுவும் இல்லை, தொழிற்சங்கமும் அமைக்கலாம் என்று தமிழக அரசே 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ என்று இருப்பதாலேயே ஒருவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் இல்லை என்றாகிவிடாது. அவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத்தான் பார்ப்பார்கள். உங்களை அந்த அறைக்கு அழைத்தால், எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். கதவைப் பூட்டி வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. அன்றிரவே நடந்ததைத் தேதி, நேரத்தோடு மின்னஞ்சலில் அவர்களுக்கே எழுதிவிடுங்கள். சம்பளச் சீட்டுகளையும் பழைய மதிப்பீட்டுக் கடிதங்களையும் முன்கூட்டியே வீட்டில் சேர்த்து வையுங்கள், ஏனென்றால் மடிக்கணினி கைவிட்டுப் போனபின் எதுவும் திறக்காது.

நான் இதில் ஒன்றையும் செய்யவில்லை. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுத்து, சமரசப் பேச்சுக்குப் போன முதல் நாள், கட்டாயப்படுத்தி எழுதி வாங்கினார்கள் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், நிறுவனத்தின் சார்பில் வந்தவர் ஒரே ஒரு தாளை எடுத்து அதிகாரியின் முன் வைத்தார். என் பெயரில், என் முகவரியிலிருந்து, மதியம் 2.50க்குப் போன மின்னஞ்சல் அது.