டிரைவர் வேலை: மாதச் சம்பளமா, டிராவல்ஸா, ஆக்டிங்கா, சொந்த வண்டியா?

அக்கா மகன் போன வாரம் ஃபோனில் கேட்டான். "மாமா, ஆறு லட்சம் லோன் போட்டு ஒரு டிசையர் எடுத்து ஆப்ல விட்டுடலாமா, இல்ல உங்கள மாதிரி சம்பளத்துக்கே ஓட்டட்டுமா?" அவனுக்கு 23 வயது, லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. நான் சென்னையில் 16 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன், வீட்டு டிரைவர், டிராவல்ஸ், ஆக்டிங் (ஓனர் கூப்பிடுகிற அன்றைக்கு மட்டும் போய் அவர் வண்டியை ஓட்டுவது), சொந்த வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. மாதம் எவ்வளவு வரும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, சும்மா நிற்கிற நேரத்துக்கும் காலியாக ஓடுகிற கிலோமீட்டருக்கும் யார் பாக்கெட்டிலிருந்து காசு போகிறது என்பதைத்தான். நான்கு வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கலாம்.

அதற்கு முன் லைசென்ஸ் விஷயம். பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டுவதற்கான தனி அனுமதி, இல்லை என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். 7,500 கிலோ வரையுள்ள வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும், வாடகை வண்டி என்றாலும் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-இலேயே சொல்லிவிட்டது, 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. கார் ஓட்டப் போகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

சரி, சொந்த வண்டி. ஆறு லட்சம் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாத டியூ சுமார் 13,000 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் டியூவுக்கே போய்விடும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்த 500 நிற்காது. மஞ்சள் போர்டு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் சொந்த உபயோகத்து வண்டியைவிட அதிகம். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம். நான் ஆப்பில் ஓட்டிய காலத்தில் ஒரு நோட்டில் தினமும் இரண்டு கணக்கு எழுதுவேன், மீட்டரில் மொத்தம் ஓடியது எவ்வளவு, கஸ்டமர் உள்ளே இருந்தபோது ஓடியது எவ்வளவு என்று. ஒரு செவ்வாய்க்கிழமை 212 கிலோமீட்டர் ஓடியிருக்கிறேன், கஸ்டமரோடு ஓடியது 131 மட்டும். மீதி 81 கிலோமீட்டர் பிக்கப்புக்குப் போனதும், ராத்திரி சிறுசேரியில் இறக்கிவிட்டுத் திரும்ப ட்ரிப் கிடைக்காமல் வேளச்சேரி வரை காலியாக வந்ததும்தான். அதோடு கேஸ் பங்க் வரிசையில் நின்றது, ஏர்போர்ட்டில் நின்றது எல்லாம் சேர்த்து அன்றைக்கு 13 மணி நேரம். காலி ஓட்டம் முழுக்க என் கேஸ், என் டயர், என் முதுகு. இப்போது சில ஆப்கள் கமிஷனை விட்டுவிட்டு நாள் சந்தா வாங்குகின்றன, அது நல்ல மாற்றம்தான், ஆனால் அந்த 81 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கும்.

அதற்காகச் சொந்த வண்டியே தப்பு என்று சொல்லவில்லை. டியூ முடிந்த வண்டியும், நேராக ஃபோன் பண்ணிக் கூப்பிடுகிற 15, 20 குடும்பங்களும் இருந்தால் நாலு வழியிலும் இதுதான் முதலிடம். 23 வயதில் அந்தக் குடும்பங்களுக்கு எங்கே போவான்?

டிராவல்ஸ் வண்டியில் காலி ஓட்டம் கஸ்டமர் தலையில். லோக்கல் என்றால் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்று பேக்கேஜ், வெளியூர் என்றால் ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் மினிமம் என்று பேசி, போக வர இரண்டுக்கும் வாங்குவார்கள். மதுரையில் இறக்கிவிட்டுக் காலியாக வந்தாலும் டிரைவருக்கு நஷ்டம் இல்லை, பேட்டா (நாள் படி) உண்டு. பிரச்சினை தூக்கம்தான். ராத்திரி 12 மணிக்குக் கொடைக்கானலில் கொண்டுபோய்விட்டுக் காலை 5 மணிக்கு சைட் சீயிங் என்பார்கள், சீட்டைச் சாய்த்துக் குளிரில் படுக்க வேண்டியதுதான். ஹோட்டல், லாட்ஜுகளில் டிரைவர்கள் தங்க இடமும் குளியலறையும் வேண்டும் என்று 2023-இல் தமிழக அரசு கட்டட விதியைத் திருத்தியது. அதனால் ட்ரிப் பேசும்போதே "டிரைவருக்குத் தங்க இடம் உண்டா" என்று கேளுங்கள், கேட்பதில் கூச்சமே வேண்டாம். இன்னொன்று, பேட்டாவை அன்றன்றைக்கே வாங்கிவிட வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் மூன்று மாத பேட்டா நின்று, கடைசியில் பாதிதான் கைக்கு வந்தது.

ஆக்டிங் டிரைவர் வேலையை நம் ஆட்கள் மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. வண்டி ஓனருடையது, டீசல் அவருடையது, டயர் அவருடையது, நிற்கிற நேரத்துக்கும் மணிக்கணக்கில் காசு. பாண்டிச்சேரிக்குப் போய் அவர்கள் ஆறு மணி நேரம் பீச்சில் இருந்தால் அந்த ஆறு மணி நேரமும் கணக்கில் வரும். இன்னோவா, ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக் என்று எல்லா வண்டியும் கை பழகும். நிறைய வீடுகளும் பழக்கமாகும், பிற்பாடு சொந்த வண்டி எடுக்கும்போது கூப்பிடப் போவது இவர்கள்தான். குறை என்றால், தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில் ஓய்வே இருக்காது, ஆடியிலும் மார்கழியிலும் ஃபோன் அடிக்காது. ராத்திரி 11:30-க்கு வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற செலவையும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. கார் பாலிசியில் இருக்கும் 15 லட்ச ரூபாய் விபத்து காப்பீடு ஓனர் ஓட்டும்போது அவருக்குத்தான், சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு அது வராது. சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்று தனியாக 50 ரூபாய் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். பாலிசி தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவி வாங்குங்கள். வெள்ளை போர்டு வண்டியில் "வாடகைக்கு ஆள் ஏத்திட்டு வா" என்று யார் சொன்னாலும் ஏறாதீர்கள், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும்.

மாதச் சம்பளம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வீட்டு டிரைவரைவிடக் கம்பெனி டிரைவர் மேல், காரணம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ.யில் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும். என் அம்மா ஆபரேஷன் அதில்தான் நடந்தது. வீட்டு டிரைவருக்கு இது எதுவும் இல்லை, காய்கறிப் பையும் தூக்க வேண்டியிருக்கும், ஆனால் பெரும்பாலும் ராத்திரி வீட்டில் படுக்கலாம். சின்னக் குழந்தை இருக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

அவனிடம் நான் சொன்னது இது: இரண்டு வருடம் ஆக்டிங் ஓட்டு, ஆடியிலும் மார்கழியிலும் ஏதாவது கம்பெனியில் லீவு டிரைவருக்கு மாற்றாக நில், நம்பரை எல்லாம் சேர்த்து வை, அப்புறம் பாதிப் பணம் கையில் இருந்தால் ஒரு பழைய வண்டி எடு. "அதுக்குள்ள வயசாயிடும் மாமா" என்றான். "25 ஒரு வயசாடா மாப்பிள்ளை" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு மகாபலிபுரம் டூட்டி பேசி வைத்திருக்கிறேன், அந்தப் பாலிசி தாளை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லி நேற்றே ஓனரிடம் கேட்டுவிட்டேன்.