மிதப்பு விசைச் சோதனைப் பெட்டி: குளச்சல் கடல்நீரில் சோதித்தபின் ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் ஒரு கல்விப் பொருட்கள் கடையில் 1,450 ரூபாய்க்கு வாங்கிய இந்தப் பெட்டியை, குளச்சல் பக்கத்துப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் மூன்று வாரங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

200 கிராம் இரும்புக் குண்டு, சுருள்வில் தராசு, நீர் வழியும் கலம், 12 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள தகரப் படகு ஆகியவை இதில் உள்ளன. குண்டைத் தராசில் தொங்கவிட்டு நீரில் அமிழ்த்தினால் முள் 175-இல் நிற்கிறது. வழிந்து சேரும் நீர் ஏறத்தாழ 25 கிராம். அதே குண்டைப் படகில் வைத்தால், படகு மேலும் 2 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக அமிழ்ந்து, 200 கிராம் நீரை விலக்கிவிட்டு மிதக்கிறது. குண்டின் எடை மாறவில்லை, விலக்கப்பட்ட நீர்தான் எட்டு மடங்காயிற்று என்பதை மாணவர்கள் தாமே அளந்து அறிந்துகொண்ட அந்த ஒரு வகுப்புக்காகவே கொடுத்த விலை தகும் என்பேன்.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபின், அதிலிருந்த பிளாஸ்டிக் குருணைகள் நம் மாவட்டக் கரையில் ஒதுங்கின. அவ்வளவு பெரிய கப்பல் மூழ்கியிருக்க, குருணை மட்டும் மிதந்து வந்தது எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். படகின் அடியிலுள்ள ரப்பர் அடைப்பானைப் பிடுங்கிக் காட்டினேன்: உள்ளே காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ள, படகு அடியில் போய் அமர்ந்தது. குருணையோ நீரைவிட அடர்த்தி குறைந்தது. அது மிதக்க உட்குழிவு தேவையில்லை. கட்டுமரமும் அவ்வாறே, அலை மேலேறிப் போனாலும் மரமே மிதக்கும். வள்ளத்தில் ஏறிய நீரையோ கோரி ஊற்றியாக வேண்டும். கப்பலின் உட்பகுதியைத் தடுப்புச் சுவர்களால் பிரிப்பதன் காரணத்தை விளக்க, படகுக்குள் இரண்டு தடுப்புகளையும் கொடுத்திருக்கலாம்.

பெரிய குறை, படகின் பக்கவாட்டு அளவுகோல் 5 மி.மீ. இடைவெளியில் இருப்பது. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிராம் எடையுள்ளது என்பதால், நன்னீரில் 4 செ.மீ. அமிழ்ந்த படகு கடல்நீரில் சுமார் 1 மி.மீ. உயர்ந்து மிதக்கும். கப்பல்களில் நன்னீருக்கும் கடல்நீருக்கும் தனித்தனிப் பாரக்கோடுகள் (சரக்கேற்றிய கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டும் கோடுகள்) வரைவது இந்த வேறுபாட்டுக்காகத்தான். அதை இந்த அளவுகோல் காட்டாது. வரைபடத்தாளை ஒட்டிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

கடல்நீரில் சோதிப்பவர்கள் படகை உடனே நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். எங்கள் படகின் மடிப்புகளில் இரண்டாம் வாரமே துரு ஏறிவிட்டது.