அக்கா மகன் ராத்திரி முழுக்கப் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்

போன வருஷம் தூத்துக்குடியில் நாலு லைஃப் ஜாக்கெட் வாங்கினேன். ஒன்று 1,850 ரூபாய். ஆரஞ்சுத் துணி, உள்ளே நுரைப் பலகை, முன்பக்கம் ஜிப், இடுப்பில் இரண்டு வார், தோளில் வெள்ளிப் பட்டை, கழுத்தோரம் கயிற்றில் ஒரு விசில். எங்கள் கடலோர ஊரான உவரியில் இதை வாங்கினாலும் பலர் வள்ளத்தின் முன்பக்க அணியத்துக்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள். வலை இழுக்கும்போது இடைஞ்சல், வேர்வை வேறு. அக்கா மகனுக்குப் பதினேழு வயது என்பதால், போடாமல் வள்ளம் ஏறக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவன் போட்டதைப் பார்த்துக் கூட்டாளிகளும் போட்டார்கள்.

ஆனி மாசம், கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. நாலு பேரும் சாயங்காலம் வலை போடப் போனார்கள். 11 பாகம் (சுமார் 20 மீட்டர்) ஆழத்தில், பொழுது அடையும் நேரம், பக்கவாட்டில் வந்த அலை ஒன்று அவனைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டது. வள்ளத்தைத் திருப்பலாம் என்றால் எஞ்சின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இருட்டிவிட்டது, அவன் சத்தமும் கேட்கவில்லை.

அந்த மூன்று பையன்களும் உடனே நங்கூரம் போட்டார்கள். இதைச் சொல்லாமல் நான் ஜாக்கெட்டைப் பற்றி எழுத முடியாது. எஞ்சின் இல்லாத வள்ளத்தைக் காற்று தள்ளும். தண்ணீரில் கிடப்பவனை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கொண்டுபோகும். இரண்டும் ஒரே பக்கம், ஒரே வேகத்தில் போகும் என்று சொல்ல முடியாது. வள்ளமும் நகர்ந்திருந்தால் அவன் விழுந்த இடமே தெரியாமல் போயிருக்கும். அப்புறம் போனில் இருப்பிடத்தை எனக்கு அனுப்பினார்கள். நான் 1093, 1554 இரண்டுக்கும் பேசினேன். ஒன்று கடலோரப் பாதுகாப்புக் குழுமம், இன்னொன்று கடலோரக் காவல்படை. அதற்குள் ஊரிலிருந்து 14 வள்ளம் கிளம்பிவிட்டது. முதலில் இவர்களைக் கட்டி இழுத்துக் கரை சேர்க்கலாம் என்று போனோம். "எங்கள விடுங்க மாமா, நாங்க இங்கயே கிடக்கோம், அவனப் பாருங்க" என்றார்கள். விடியும்வரை டார்ச்சை ஆட்டிக்கொண்டு மாறி மாறி அவன் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு மூன்று நாள் குரலே வரவில்லை.

நாங்கள் நீவாட்டின் போக்கிலேயே போய், அங்கங்கே எஞ்சினை நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்டோம். காலை நாலு மணிக்குப் பெரியதாழை ஊருக்கு நேரே விசில் கேட்டது. டார்ச் அடித்ததும் தோள்பட்டை இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.

சரி, ஜாக்கெட்டுக்கு வருகிறேன். 100 நியூட்டன் என்று போட்டிருக்கும். ஏறக்குறைய 10 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் மிதப்பு அது. ஒன்பது மணி நேரம் ஊறியும் நுரை தண்ணீர் குடிக்கவில்லை, அவன் முகம் மேலேதான் இருந்தது. கடையில் 50 நியூட்டனில் மலிவாகவும் வைத்திருந்தார்கள். அது நீச்சல் தெரிந்தவர்கள் கரையோரத்தில் போடுவது, கடல் தொழிலுக்கு வாங்காதீர்கள்.

குறைகளும் உண்டு. தொடைக்கு நடுவே கட்டும் வார் இதில் இல்லை. அலை தூக்கும்போதெல்லாம் ஜாக்கெட் காது வரைக்கும் ஏறியிருக்கிறது. ராத்திரி முழுக்க இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்தே கிடந்திருக்கிறான். அக்குளிலும் தாடைக்குக் கீழும் தோல் உரிந்துவிட்டது. 52 கிலோ பையனுக்குப் பெரியவர்கள் அளவை வாங்கியது என் தப்பு. விசில் கயிறு உப்பில் இற்றுப்போய் ஒற்றை நூலில் தொங்கியது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது. விளக்கும் கிடையாது. வெள்ளிப் பட்டை மின்ன வேண்டுமென்றால் யாராவது அந்தத் திசையில் வெளிச்சம் அடிக்க வேண்டும். அந்த ராத்திரி எத்தனை தடவை அவனைத் தாண்டிப் போனோமோ.

மிதக்க வைத்ததற்கு ஐந்துக்கு ஐந்து. ஆளைக் கண்டுபிடிக்க உதவியதற்கு இரண்டுதான் கொடுப்பேன்.

இப்போது நாலுக்கும் தொடை வார் தைத்து, விசிலுக்கு நைலான் கயிறு மாற்றியாயிற்று. அவனுக்குச் சின்ன அளவு தனியாகச் சொல்லியிருக்கிறேன். தோளில் மாட்டும் விளக்குகள் அடுத்த வாரம் வரும். கடலில் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறது என்று அந்தப் பையன்களோடு போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.